பொதுச் சுவரும் கிராஃபும்: கேள்வி பதில்

முப்பரிமாண நகர மாடல்களை ஏன் கிராஃபாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக, மாற்றி வைக்கிறார்கள் என்று பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைந்தாயிற்று, சுற்றிப் பார்க்கவும் முடிகிறது. அப்புறம் எதற்குக் கிராஃப்?

பதில்: பார்க்கலாம், ஆனால் கேள்வி கேட்க முடியாதே. கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்து எங்கே தாவும் என்று கேட்டால், வெறும் வடிவ மாடலுக்குத் தெரிந்ததெல்லாம் முக்கோணங்களும் அவற்றின் மூலைகளும்தான். வீடு ஒரு புள்ளி, பொதுச் சுவர் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு என்று எழுதி வைத்தால் பதில் உடனே வரும்.

கேள்வி (சித்தூர், ஆந்திராவில் இருப்பதல்ல, நம்முடையது): எது பக்கத்து வீடு என்று கணினியே கண்டுபிடிக்காதா?

பதில்: நாம் ஒழுங்காக வரைந்திருந்தால் கண்டுபிடிக்கும். நான் முதல் தடவை ஒரு தெருவை வரைந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக நாலு சுவர் வைத்தேன், பொதுச் சுவர் இரண்டாகி நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டைத் தேடும் நிரலை ஓட விட்டால், தெருவில் யாருக்கும் அண்டை வீடே இல்லை என்கிறது! தலைமுறை தலைமுறையாக ஒரே சுவரில் இரண்டு பக்கமும் ஆணியடித்துச் சண்டை போட்டவர்கள். 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒரே சுவர் என்று வைத்ததும் சரியானது. ஆசைப்பட்டு 1 மீட்டர் வைத்தேன், சந்துக்கு எதிர்ப்புறத்து வீடும் வந்து ஒட்டிக்கொண்டது. ஊர் பார்த்துத்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும்.

கேள்வி (வாளையார்): சிட்டிஜிஎம்எல் இதற்கு உதவுமா சார்?

பதில்: உதவும். முப்பரிமாண நகர மாடல்களைக் கோப்பாக எழுதி வைப்பதற்கு, புவியிடத் தகவல் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2008இல் ஏற்றுக்கொண்ட தரம் அது. பொதுச் சுவரை ஒரே தடவை எழுதி, இரண்டு வீட்டிலிருந்தும் அதைச் சுட்டலாம். அப்படி எழுதினாலே பாதிக் கிராஃப் வந்தாயிற்று.

கேள்வி (பொள்ளாச்சி): கட்டடத்துக்கு உள்ளே?

பதில்: கட்டடத்தின் உட்புறத்தை எழுதி வைக்க 2014இல் வந்த இண்டோர்ஜிஎம்எல் தரத்தைப் பாருங்கள். அறை புள்ளி, கதவு கோடு. சக்கர நாற்காலிக்கு வழி வேண்டுமா, படிக்கட்டுக் கோடுகளை எடுத்துவிட்டுத் தேடுங்கள். தேடும் முறை, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டதுதான். கிராஃபைச் சேமிக்கும் தரவுத்தளமான நியோ4ஜே எல்லாம் பெரிய ஊருக்கு. ஒரு தெருவுக்குப் பைத்தான் நிரல்மொழியில் கிராஃபுக்கென்று இருக்கும் நெட்வொர்க்எக்ஸ் நூலகம் தாராளம்.

கேள்வி (நூரணி): அண்ணா, 2018 ஆகஸ்ட் வெள்ளம் மாதிரி புழை (ஆறு) ஏறினால்?

பதில்: மாடலில் சாலையின் உயரம் இருக்கிறதே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகும் கோடுகளை நீக்கு, கிராஃப் எத்தனை துண்டாகிறது என்று பார். தனியாக நிற்கும் துண்டில் எத்தனை வீடு என்று தெரிந்தால் தோணியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யலாம். பாலத்தில் மட்டும் கவனம்: மேல்தளம் நனையாமல் நிற்கும், ஏறுசாலை முங்கிக் கிடக்கும். பாலத்தையும் ஏறுசாலையையும் ஒரே கோடாக எழுதினால் வழி இருப்பதாகவே காட்டும், தனித்தனிக் கோடாக எழுது.