நெட்டிலிங்கம், வௌவால், வாட்ஸ்அப் குழு – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன், ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. போன வருடம் ஆபீஸிலிருந்து ஒரு ஏரிக்கரையில் மரக்கன்று நட அழைத்துப் போனார்கள். டி-ஷர்ட், தொப்பி, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். கம்பிக்கூண்டுகள் மட்டும் நிற்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. மனசு விட்டுப்போச்சு.

இன்னொரு விஷயம். எங்கள் அடுக்ககத்துக்கு வெளியே தெருவோரம் வரிசையாக நெட்டிலிங்க மரங்கள் இருக்கின்றன. ராத்திரியில் வௌவால் வந்து பழம் தின்று கீழே நிற்கும் கார்களை எல்லாம் நாசம் செய்கிறதாம். மரங்களை வெட்டிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. யாரோ நிபா வைரஸ் என்று ஒரு ஃபார்வர்டும் போட்டுவிட்டார். எதிர்த்துப் பேசியது நான் மட்டும்தான், இப்போது எனக்குப் பெயர் 'நேச்சர் மேடம்'.

உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் நேரம். எங்கே தொடங்குவது? கடலாமை பார்க்க இரவு நடை போகிறார்களே, அதற்கு ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிப் போகலாமா?

ச., மடிப்பாக்கம்

அன்புள்ள ச.,

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம். மற்றதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும்.

தெருவில் நிற்கும் மரம் அடுக்ககச் சங்கத்தின் சொத்து அல்ல, மாநகராட்சியுடையது. பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். செயலாளர் ஆள் கூப்பிட்டு ரம்பம் வைக்க முடியாது. இதைக் குழுவில் சண்டைக்குரலில் சொல்லாதீர்கள், "அனுமதி இல்லாமல் வெட்டினால் சங்கத்தின் மேல்தான் புகார் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கரிசனமாகச் சொல்லுங்கள். நம் ஊரில் சூழல் நீதியைவிட 'நமக்கெதற்கு வம்பு' என்பது வேகமாக வேலை செய்யும். அதையும் மீறி ஒருநாள் ரம்பம் வந்துவிட்டால் மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

நிபா பயம் நியாயமானதுதான். கோழிக்கோட்டில் 2018-ல் அத்தனை உயிர் போனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த வைரஸுக்கு இருப்பிடமாக அறியப்பட்டது பெரிய பழந்தின்னி வௌவால், பழைய ஆலமரத்தில் பகலெல்லாம் கூட்டமாகத் தொங்குமே அது. உங்கள் தெருவுக்கு வருவது அநேகமாகக் கையளவே இருக்கும் சின்ன வகை. எந்த வகையானாலும் வௌவால் கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம், எச்சத்தைக் கழுவினால் சோப்பு போட்டுக் கை கழுவினால் சரி. மரத்தை வெட்டினால் அது அடுத்த தெருவுக்குப் போகும், வேறென்ன?

அது தின்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? நெட்டிலிங்கம் பழுக்கும் கோடையில் இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் பால்கனியில் உட்காருங்கள். பழுத்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. கருஞ்சிவப்புப் பழம் ஒன்றைக் கவ்விக்கொண்டு கொஞ்சம் தள்ளி வேறொரு கிளைக்குப் போய்த் தலைகீழாகத் தொங்கும். பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும், கொட்டையைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் பறக்கும். கார் பானெட்டில் காலையில் பார்ப்பது பாதி எச்சம், பாதி அந்தச் சக்கைதான். மரங்களுக்கு விதை பரவுவது இப்படித்தான். குயிலும் இதே பழத்தைத்தான் தின்கிறது. குயில் கூவினால் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள் வௌவாலுக்கு மட்டும் ரம்பம் தேடுகிறார்கள்! சட்டமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

கார்காரர்களின் எரிச்சலும் பொய் இல்லை. அது காய்ந்துவிட்டால் பெயின்டில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பழுக்கும் மாதங்களில் காருக்கு உறை போடலாம், எதிர்ப்பக்கம் நிறுத்தலாம். அப்புறம், இந்த விவகாரத்தில் யாரும் கேட்காத ஆள் ஒருவர் இருப்பார், தினமும் காலையில் அந்தக் கொட்டைகளைக் கூட்டி அள்ளுகிற வாட்ச்மேன் அண்ணன். மரத்தின் மேல் உண்மையான புகார் அவருடையதாக இருக்கும். அந்த மாதங்களில் அவருக்குக் கூடுதலாக ஒரு தொகை கொடுக்கச் சங்கத்தில் பேசுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கிளை கம்பியில் உரசினால் கவாத்து செய்யட்டும், அதில் தப்பில்லை. செய்கிற நாளில் நீங்கள் கீழே நிற்க வேண்டும், அவ்வளவுதான். கோடையில் காக்கை கூடு கட்டும், அதில் குயில் முட்டை வைக்கும். ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு வெட்டச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

சரி, மரக்கன்றுக்கு வருவோம்.

கூண்டு காலியாக இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நடுவதற்கு ஒரு மணி நேரம் போதும், பிழைக்க வைக்க இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த இரண்டு கோடைக்கு டி-ஷர்ட் யாரும் அடிப்பதில்லை. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. வெறும் இடம் என்று நினைத்து நாம் மரம் நடப்போகிற இடம் பல சமயம் வெறும் இடமே இல்லை. ஏரியின் நீர்ப்பரப்புக்கும் கரைக்கும் நடுவே சேறும் கோரையுமாக ஒரு பகுதி இருக்கும். மடையானும் உள்ளானும் மேய்கிற இடம் அது. அங்கே மண் கொட்டி மேடாக்கி, புல்வெளி போட்டு, நடைபாதையும் கம்பி வேலியும் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். பறவைக்கு அங்கே இனி சோலி இல்லை.

ஏரியைச் 'சுத்தம்' செய்வதும் இதே கதைதான். பிளாஸ்டிக்கை அள்ளுங்கள், எத்தனை மூட்டை வேண்டுமானாலும் அள்ளுங்கள். ஆனால் ஜே.சி.பி. வைத்துச் செடிகொடி முழுக்க ஒரே மூச்சில் வாருவதற்கு முன் ஒருதடவை உற்றுப் பாருங்கள். முக்குளிப்பான் என்று புறாவைவிடச் சின்ன ஒரு நீர்ப்பறவை, ஏரிக்கு ஏரி இருக்கும். அதன் கூடு அழுகிய பாசியும் தண்டும் சேர்ந்த ஒரு ஈரக் குவியல், தண்ணீரிலேயே மிதக்கும். தாய் இறங்கிப் போகும்போது அலகால் ஈரப்பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுப் போகும். அப்போது பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்போம், அள்ளிப் போட்டுவிடுவோம். ஆகாயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு விட்டுவைத்து எடுப்பது என்று சொல்ல அந்த ஏரியைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆகுங்கள் என்பதுதான் என் யோசனை.

மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் எல்லாம் பள்ளிக்கரணைக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தச் சதுப்பு நிலத்தை இத்தனை வருடமாகக் குப்பைமேடும் ரேடியல் ரோடும் கட்டடங்களும் தின்று தீர்த்ததில் மிச்சமிருப்பதற்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. குளிர்காலத்தில் ரேடியல் ரோட்டோரம் நின்றாலே பூநாரையைப் பார்க்கலாம், லாரிச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால். நீங்கள் அங்கே போகக்கூட வேண்டாம், மூன்று ஏரிகளில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், ஒரு நோட்டு, கிடைத்தால் ஒரு பைனாகுலர். என்ன பறவை, எத்தனை, எங்கே கூடு, எந்த மூலையில் புதிதாகக் கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறார்கள், எந்தக் குழாயிலிருந்து கழிவுநீர் வருகிறது. தேதி போட்டு எழுதுங்கள். பறவைக் கணக்கை, பார்த்த பறவைகளை யாரும் பதிவு செய்யக்கூடிய ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். பெயர் தெரியாத பறவையை 'பழுப்பு, நீளக்கால்' என்று எழுதி வையுங்கள், பிறகு தெரியும். ஆரம்பிக்க ஒரு சாக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும், மொட்டைமாடியிலும் எண்ணலாம்.

இது பெரிய சேவையாகத் தோன்றாது, தெரியும். 2025 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை சாவது புதிதல்ல, ஒவ்வொரு பருவத்திலும் இழுவலையில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகிறவை உண்டு. இது வழக்கத்தைவிடப் பலமடங்கு என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் பருவந்தோறும் அதே கரையில் நடந்து முட்டைக்குழியையும் செத்த ஆமையையும் எண்ணிக் குறித்து வந்ததுதான். எண்ணி வைத்த கணக்கு இல்லையென்றால் 'எல்லா வருஷமும் சாவதுதானே' என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார்கள். உங்கள் ஏரியில் நாளைக்கு மீன் செத்து மிதந்தாலும் இதே வாக்கியம்தான் வரும். அப்போது உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போகலாம். மனுவை நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சலிப்பான வேலைதான், நானும் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன்.

தனியாகச் செய்தால் சீக்கிரம் சோர்ந்துவிடுவீர்கள் என்பதால் ஏற்கெனவே செய்கிறவர்களோடு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளுங்கள். மரம் என்றால் நிழல் அமைப்பு. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடத்தை இவர்கள்தான் நாட்டு மரங்கள் வைத்துக் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக ஆக்கினார்கள். அங்கே போய் ஒருநாள் களை பிடுங்கிப் பாருங்கள், ஒரு நாற்று மரமாவது எவ்வளவு வேலை என்று முதுகு சொல்லும். பறவை என்றால் 1978-லிருந்து இருக்கிற மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம்.

மாடியில் அரிசி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்படி எழுதுகிற எல்லோரும் அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம். போட்டால் மாடப்புறாதான் பெருகும், மற்றதற்கு லாபமில்லை. தண்ணீர் வையுங்கள், அகலமான மண்சட்டியில், ஆழம் இல்லாமல், தினமும் மாற்றி. மாற்றாவிட்டால் கொசுப்புழுவுக்கு வருகிற மாநகராட்சி ஆட்கள் கவிழ்த்துவிட்டுப் போவார்கள், அவர்கள் செய்வதுதான் சரி.

கடைசியாக உங்கள் பெண். ஆமை நடை நள்ளிரவு நெருங்கும்போது ஆரம்பிக்கிறது, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல மணலில் நடக்க வேண்டும், ஆமை கண்ணில் படும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஏழு வயசுக் குழந்தை பாதிவழியில் உங்கள் தோளில் தூங்கிவிடும், இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். அதற்குப் பதிலாக மார்ச், ஏப்ரல் மாலைகளில் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூட்டிப் போங்கள். முன்கூட்டியே குழுவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லா நாளும் பொரியாது. போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும். கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்பதைப் பெண்ணுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், அங்கே போய்ச் சொன்னால் காதில் ஏறாது.