2010 வாக்கில் சொந்த மெயிலுக்கும் சாட்டுக்கும் பிளாக்பெர்ரியா, நோக்கியா ஈ-சீரிஸா? நீங்கள் எதை எடுத்தீர்கள், ஏன்?

நோக்கியா ஈ63. அதே கிருஷ்ணகிரி, அதே சம்பளம், அதே டவர் என்றால் இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வியில் "சொந்த" என்று குறிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அது முக்கியம். கம்பெனி மெயிலுக்கு என்று கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஓசூர் சிப்காட்டில் வேலை, வீடு கிருஷ்ணகிரியில். சூளகிரி வழியாக தினமும் பஸ். அக்கா கல்யாணமாகி சிங்கப்பூர் போயிருந்தார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரில். சிங்கப்பூருக்கு ஃபோன் போட்டால் பேலன்ஸ் கண்ணெதிரே கரையும். அதனால் அக்காவோடு பேச்சு வார்த்தை எல்லாம் ஜிமெயிலிலும் அதன் சாட்டான ஜிடாக்கிலும்தான். ஷிஃப்ட் முடிந்து ஊர் வந்து சேர்வதற்குள் பிரவுசிங் சென்டர் சாத்தியிருக்கும். மெயில் நான் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்தபடி பதில் அடிக்க முழு கீபோர்டு வேண்டும். தேவை இவ்வளவுதான்.

ஐபோன் 3ஜி 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆண்ட்ராய்டு அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சியது இரண்டு: 2009-ல் வந்த பிளாக்பெர்ரி கர்வ் 8520, இல்லையென்றால் நோக்கியாவின் ஈ63, ஈ71, ஈ72 வரிசையில் ஒன்று. ஈ71 ஸ்டீல் உடம்பு, ஜிபிஎஸ் எல்லாம் உண்டு, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ஈ72-ல் 5 மெகாபிக்சல் கேமரா. ஆனால் மெயிலுக்கும் சாட்டுக்கும் ஈ63 செய்வதைவிட அவை பெரிதாக ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை என்பது என் எண்ணம். கூடுதல் காசு கொடுக்கக் காரணம் தெரியவில்லை.

பிளாக்பெர்ரியில் மெயில் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். ஃபோன் நம் ஜிமெயில் பெட்டியை நேராகப் போய்த் திறக்காது. பிளாக்பெர்ரி கம்பெனியின் சர்வர் நமக்காகத் திறந்து பார்க்கும். புது மெயில் இருந்தால் அதைச் சுருக்கி, நம் சிம் கம்பெனி வழியாக ஃபோனுக்குத் தள்ளிவிடும். இந்தச் சேவைக்கு பிஐஎஸ் என்று பெயர். சுருக்கி அனுப்புவதால் 2ஜி சிக்னலிலேயே மெயில் சட்டென்று வந்து விழும். டேட்டா அதிகம் தின்னாது. ஒரே ஃபோனில் பத்து மெயில் கணக்கு வரை சேர்த்துக்கொள்ளலாம். மெயில் வந்ததும் மேல்மூலையில் சிவப்பு விளக்கு மினுக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் மெயிலை அவ்வளவு நேர்த்தியாகக் கையாண்ட கருவி வேறு இல்லை. கீபோர்டும் அப்படித்தான், விரல் தானாகப் போய் எழுத்தில் உட்காரும்.

சிக்கல் எங்கே என்றால், இதற்கு சாதாரண ஜிபிஆர்எஸ் நெட் பேக் போதாது. பிளாக்பெர்ரிக்கென்று தனி பிளான் போட வேண்டும். அது தீர்ந்த அன்று மெயிலும் நிற்கும், பிளாக்பெர்ரிக்காரர்கள் தங்களுக்குள் சாட் செய்யும் பிபிஎம்மும் நிற்கும். பக்கத்திலேயே வைஃபை இருந்தாலும் அந்த பிளான் இல்லாமல் மெயில் எட்டிப் பார்க்காது.

ரவுண்டானா பக்கம் செல் கடை வைத்திருந்த அண்ணன் இதை எனக்கு இரண்டே வரியில் சொன்னார். "தம்பி, பெர்ரிதான் வேணும்னா தாராளமா எடு. ஆனா மாசாமாசம் அந்த பிளான் போடுவியா? போடலேன்னா அது வெறும் பட்டன் செல்லுதான்."

"ஈ63-க்கு அது வேண்டாமாண்ணா?"

"எந்த நெட் பேக் வேணா போட்டுக்கோ. நெட்டு வந்தா மெயிலு வரும்."

வியாபாரத்துக்காக விலை கூடின ஃபோனைத் தலையில் கட்டாமல், வாங்குகிறவன் மாதாமாதம் என்ன செலவு செய்ய முடியும் என்று கேட்ட மனிதர் அவர். அப்போது ஏர்செல்லில் 98 ரூபாய்க்கு பாக்கெட் இன்டர்நெட் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். சம்பளம் தாமதமானால் சின்ன பேக்காகப் போட்டுக்கொண்டு ஓட்டலாம், வேறு சிம் மாற்றலாம், யார் வீட்டிலாவது வைஃபை இருந்தால் அதில் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் பிளாக்பெர்ரியில் இல்லை.

சரி, ஈ63-ல் மெயில் உடனுக்குடன் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, கொஞ்சம் உட்கார்ந்து செட் செய்தால். அதில் மெயில் ஃபார் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு செயலி உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்பது கம்பெனிகள் வைத்திருக்கும் மெயில் சர்வரின் பெயர், அதனால் அது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் தொடாமலே விட்டார்கள். ஆனால் 2009 செப்டம்பரில் கூகுள், கணக்கில் இருப்பதை ஃபோனோடு ஒத்துப்போக வைக்கும் தன் சிங்க் சேவையில் ஜிமெயிலையும் சேர்த்த பிறகு, சர்வர் என்ற இடத்தில் எம் டாட் கூகுள் டாட் காம் என்று அடித்து, ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். காலெண்டரும் காண்டாக்ட்டும்கூட சேர்ந்தே வரும். முதல் முறை சிங்க் ஆகும்போது, ஃபோனில் இருக்கும் நம்பர்களை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அந்த இடத்தில் அவசரப்படாமல் படித்து, வைத்துக்கொள் என்று கொடுக்க வேண்டும். அப்புறம் எந்த நேரத்தில் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் வேண்டாம் என்று தனித்தனியாக நேரம் குறிக்கலாம். நான் நைட் ஷிஃப்ட் பார்க்கிற வாரங்களில் இதை மாற்றி வைத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. இந்த வழியில் ஒரே ஒரு கணக்குதான் வைக்க முடியும். மெயில் வெறும் எழுத்தாகத்தான் தெரியும், படத்தோடு அழகாக வராது. 2ஜியில் ஃபோன் பேசிக்கொண்டிருக்கும்போது நெட் நின்றுவிடும், பேச்சு முடிந்த பிறகுதான் மெயில் இறங்கும். இரண்டு மூன்று மெயில் முகவரி வைத்திருந்த ஒருவருக்கு நான் ஈ63-ஐச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு ஒரே முகவரி, ஒரே அக்கா.

தமிழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அக்கா யூனிகோடில் தமிழிலேயே எழுதுவார். என் ஃபோனின் மெயில் பெட்டியில் அது கட்டம் கட்டமாகத் தெரியும். மெயில் வந்துவிட்டது என்பது தெரியும், என்ன எழுதியிருக்கிறார் என்பது தெரியாது. அதற்கு ஓபரா மினி கைகொடுத்தது. முகவரி அடிக்கும் இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதன் கடைசிப் பக்கம் போனால் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்று ஒரு வரி இருக்கும். அதை ஆம் என்று மாற்றிச் சேமித்தால், சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். டேட்டா கொஞ்சம் கூடும், ஆனால் எழுத்து சுத்தமாகத் தெரியும். அன்றைக்கு செல்லில் தமிழ்ப் பக்கங்களைப் படித்த தலைமுறை முழுக்க இந்த ஒரு வரிக்குக் கடமைப்பட்டது. சூளகிரி தாண்டும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததை அக்கா எழுதியிருந்ததை அப்படித்தான் படித்தேன். பிளாக்பெர்ரி வாங்கியிருந்தாலும் தமிழுக்கு இதே ஓபரா மினியைத்தான் தேடியிருக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. சென்னைக்காரர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அன்று தமிழ்நாடு ஒரு டெலிகாம் வட்டம், கர்நாடகா வேறு வட்டம். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. ஆளுக்கு எல்லை தெரியும், டவருக்குத் தெரியாது. சிப்காட்டுக்குள் ஜன்னலோரம் ஃபோனை வைத்தால் கர்நாடகா சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வருகிற காலுக்கும் காசு. நெட் பேக் நம் வட்டத்துக்கு மட்டும் என்றிருந்தால், பின்னால் சத்தமில்லாமல் ஓடுகிற மெயில் சிங்க் மெயின் பேலன்ஸைத் தின்னும். வேப்பனப்பள்ளி பக்கம் போனால் ஆந்திரா டவர், அங்கேயும் இதே கதை.

ஈ63-ல் இதற்கு இரண்டு வேலை செய்து வைத்தேன். ஃபோன் செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி என்பதிலிருந்து மாற்றி, நம் தமிழ்நாட்டு நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைப்பது ஒன்று. சிக்னல் ஒரு கட்டை குறைந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, மெயில் செட்டிங்கில் ரோமிங்கில் இருக்கும்போது தானாக எடுக்காதே, நான் கேட்டால் மட்டும் எடு என்று வைப்பது. இந்த இரண்டையும் செய்த பிறகு பேலன்ஸ் கரையாமல் நின்றது. பிளாக்பெர்ரியிலும் ரோமிங்கில் டேட்டாவை நிறுத்தும் வசதி இருந்தது, ஆகவே இதை அதன் குறையாகச் சொல்ல மாட்டேன். எல்லையோரத்தில் எந்த ஃபோன் வாங்கினாலும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. கடையில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் வேலை பார்த்த இடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே செய்து கொடுத்தேன்.

சாட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எஸ்எம்எஸ்ஸை வைத்துப் பார்த்தால்தான் பிபிஎம்மின் அருமை புரியும். ஆங்கில எழுத்தில் 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் அடித்தால் 70-தான். பொங்கல், தீபாவளி அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது, முழுக் காசு. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் என்று கட்டுப்பாடு வைத்தது, பிறகு 200 ஆக்கினார்கள். அந்த நேரத்தில் பிபிஎம்மில் எண்ணிக்கை இல்லாமல் பேசலாம். போய்ச் சேர்ந்தால் டி என்று வரும், படித்துவிட்டால் ஆர் என்று மாறும். ஃபோன் நம்பர் தர வேண்டாம், ஒவ்வொரு பிளாக்பெர்ரிக்கும் இருக்கும் "பின்" என்ற எட்டு எழுத்து அடையாளத்தைக் கொடுத்தால் போதும். பெங்களூரில் இருந்த என் நண்பன் ஒருவன் இதற்காகவே கர்வ் வாங்கினான். அவன் ஆபீஸில் முக்கால்வாசிப் பேரிடம் பிளாக்பெர்ரி. அவனுக்கு அது சரியான முடிவு.

ஆனால் எதிரில் இருப்பவரிடமும் பிளாக்பெர்ரி இருந்தால்தானே பிபிஎம்? அக்காவிடம் இல்லை. கிருஷ்ணகிரியில் என் கூட்டாளிகளிடம் இல்லை. அவர்கள் ஜிடாக்கிலும் யாகூவிலும் இருந்தார்கள். நிம்பஸ் என்ற சாட் செயலியைப் போட்டால் அந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்துவிடும். 2010-லேயே வாட்ஸ்அப், ஈ63-ல் இருந்த இயங்குதளமான சிம்பியனுக்கும் வந்தது. ஃபோன் நம்பரே முகவரி என்று ஆனதும் ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராக அதற்குள் வர ஆரம்பித்தார்கள். ஃபோன் வாங்குவதற்கு முன்னால் நாம் யாரோடு பேசப் போகிறோம் என்று ஒரு பத்துப் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்வேன். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும், நம் கையில் இருப்பது அல்ல.

பேட்டரி. ஈ63-ல் 1500 எம்ஏஎச், கர்வ் 8520-ல் 1150. 2012-ல் எங்கள் மாவட்டங்களில் கரண்ட் எந்த அழகில் இருந்தது என்று அந்த ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் முழுக்க சார்ஜ் போட வழியில்லாதபோது இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஸ்பேஸ் கீயை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். அம்மாவுக்கு அந்த ஃபோனில் பிடித்த ஒரே விஷயம் அது.

இன்னும் ஒன்று. 2010 ஆகஸ்டில், பிளாக்பெர்ரி செய்திகளைப் பார்வையிட வழி தராவிட்டால் மாதக் கடைசிக்குள் சேவையை நிறுத்துவோம் என்று மத்திய அரசு கெடு வைத்திருந்தது. தடை வரவில்லை. ஆனாலும் அந்தச் சமயத்தில் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் போட்டு வாங்குகிறவன் யோசிக்கத்தானே செய்வான். அடுத்த வருடம் அக்டோபரில் பிளாக்பெர்ரியின் சர்வர் பக்கம் கோளாறாகி, இந்தியா உட்பட பல நாடுகளில் மெயிலும் பிபிஎம்மும் நாள்கணக்கில் முடங்கின. எல்லாம் ஒரே இடத்தின் வழியாக வருவதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

அலுவலகத்துக்கு என்றால் பதில் மாறும் என்றேனே, அதற்கு வருகிறேன். எங்கள் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் நிறைய. அப்படி ஒன்றில் ஏற்றுமதி பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவரிடம் கம்பெனி கொடுத்த பிளாக்பெர்ரி இருந்தது. சீசனில் வெளிநாட்டுப் பார்ட்டிகளின் மெயில் ராத்திரி பத்து மணிக்கும் வரும், பன்னிரண்டுக்கும் வரும். கப்பல் தேதி மாறினால் உடனே தெரிந்தாக வேண்டும். பிளான் காசு கம்பெனி கட்டுகிறது, மூன்று நான்கு மெயில் முகவரி. அவருக்கு ஈ63 சொல்லியிருந்தால் அது தவறான ஆலோசனை.

இன்று இரண்டு ஃபோனுமே அந்த வேலைக்கு ஆகாது. கூகுள் 2013 ஜனவரி 30-லிருந்து இலவசக் கணக்குகளுக்குப் புதிதாக அந்த சிங்க்கைச் சேர்க்க விடவில்லை. சிம்பியனில் வாட்ஸ்அப் 2017 ஜூனோடும், பழைய பிளாக்பெர்ரியில் அந்த டிசம்பரோடும் நின்றது. பிளாக்பெர்ரியின் பழைய சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு மொத்தமாக மூடப்பட்டன. உங்கள் வீட்டு அலமாரியில் இவற்றில் ஒன்று கிடந்தால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே விட்டால் உப்பிவிடக்கூடும். அதற்கு முன் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, உள்ளே இருக்கும் எஸ்எம்எஸ்களையும் படங்களையும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடுங்கள். நோக்கியாவுக்கு, கம்ப்யூட்டரில் போடும் அதன் பழைய பிசி சூட் மென்பொருள் இருந்தால் போதும். நான் எடுத்து வைத்திருக்கிறேன்.