அப்பம்மாவின் சாமியறைக்குப் பக்கத்தில் எல்விஸ்

கேள்வி: கனடாவில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்து நிற்கிறாள். சாமியறைக்கு அடுத்த அறையில் முக்காலி ஒன்றில் சிவப்புத் துணி விரித்து, அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் படம், ஸ்டார் வோர்ஸ் படத்து யோடா பொம்மை, மெழுகுதிரி, கிண்ணத்தில் தண்ணீர், கல்லுப்பு, ஒரு டோனட் எல்லாம் அடுக்கி வைத்து, "இது என்ர பீடம் மாமி, நான் பேகன்" என்கிறாள். கும்பிடும்போதே சிரிக்கிறாள். அம்மா கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. இது சமயமா, சேட்டையா?
— உப்புவெளி வாசகி

பதில்: இரண்டும்தான் பிள்ளை. முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள்.

கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் கும்பிட்ட தெய்வங்களை இந்தக் காலத்துக்குத் திரும்பக் கூட்டி வந்தவர்கள்தான் இந்தப் பேகன்காரர். அதில் பெரிய கிளையான விக்காவை வெளியுலகுக்குக் காட்டியவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளவயதில் நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் 1954 இல் இதைப்பற்றிப் புத்தகம் எழுதினார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மலாயாப் பென்சனியர் என்றால் அவவுக்கே ஒரு மரியாதை வரும்.

இவர்களுக்குப் பாப்பரசரும் இல்லை, ஆகமமும் இல்லை. பீடம் அவரவர் விருப்பம். பொதுவாகக் கிழக்கில் காற்றுக்கு ஊதுபத்தி, தெற்கில் நெருப்புக்கு மெழுகுதிரி, மேற்கில் தண்ணீர், வடக்கில் நிலத்துக்காகக் கல்லோ உப்போ வைப்பார்கள். அதனால் உங்கள் மருமகள் முறை தெரிந்துதான் அடுக்கியிருக்கிறாள். நடுவில் யார் என்பதில்தான் பகிடி. பழைய கிரேக்கத் தேவதை நிற்க வேண்டிய இடத்தில் எல்விஸ் நிற்கிறார். அவர் இறந்தது 1977 ஓகஸ்ட் 16 இல். இன்றைக்கும் வருடா வருடம் அந்த நாளையொட்டி ரசிகர்கள் மெம்பிஸில் அவர் வீட்டு வாசலிலிருந்து மெழுகுதிரியோடு வரிசையாகக் கல்லறைக்குப் போகிறார்கள். பாதிக் கோயில் ஏற்கெனவே ஆகிவிட்ட மனிதர்.

சிரிப்பதும் அவள் சொந்தச் சரக்கல்ல. விக்காக்காரர் பெரிதாக மதிக்கும் 'தேவி வாக்கு' என்ற சடங்கு உரையை எழுதிய டோரீன் வேலியன்டே, மனிதருக்கு வேண்டிய குணங்களைச் சோடி சோடியாகச் சொல்வார். கடைசிச் சோடி சிரிப்பும் பயபக்தியும். இதைவிடப் பெரிய பகிடிக்காரரும் உண்டு. சச்சரவுக்குத் தெய்வமான ஈரிஸைக் கும்பிடும் டிஸ்கோர்டியர்கள், கலிபோர்னியாச் சிநேகிதர் இருவர் தொடங்கி வைத்த கூட்டம். வெள்ளிக்கிழமை தனியே போய் ஒரு ஹொட்டோக்கை (சொசேஜ் வைத்த பணிஸ்) சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. வெள்ளியில் இறைச்சி தொடாத கத்தோலிக்கர், பன்றி தொடாத யூதர், மாடு தொடாத இந்துக்கள் என்று எல்லோரையும் ஒரே கடியில் சீண்டத்தான். அடுத்த கட்டளை, ஹொட்டோக்கின் பணிஸைத் தின்னவே கூடாது என்கிறது. ஆக, அந்த வெள்ளிக்கிழமைக் கடி அவர்களையும் சேர்த்தே சீண்டுகிறது! வெள்ளிக்கிழமைச் சங்கதியை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சிரித்தால் பக்தி போய்விடும் என்று நாங்கள் எப்போது முடிவு கட்டினோமோ தெரியாது. 'பித்தா' என்று தொடங்கியவர் சுந்தரர். கண்பார்வை போனபோது 'வாழ்ந்து போதீரே' என்று சிவனையே குத்திப் பேசியவரும் அவர்தான். தேவாரம் தெரிந்த அம்மா என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் இளகுவா.

ஒரு பின்னேரம் இரண்டு பேரையும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். இராவணன் வெட்டுப் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் தொங்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் மரத்துண்டு, அதைச் சுற்றி நிறம் வெளுத்த துணிக்கிழிசல், உப்புக்காற்றில் எந்நேரமும் ஆடிக்கொண்டு. புதிதாகப் பார்க்கிறவருக்கு அது பொம்மைச் சாமான். ஏன் கட்டுகிறார்கள் என்பதை மருமகளுக்கு அம்மாவே சொல்லட்டும். டோனட் எதற்கு என்று பிறகு அவளும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், யன்னல் சீலைக்குப் பக்கத்தில் மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். இது கச்சான் காற்று நேரம். டோனட்டை இரவில் எடுத்துவிடுங்கள். எறும்புக்கு எந்தச் சமயமும் இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் நடிகைக்குக் கோயில் கட்டினவர்களும் இவர்களும் ஒன்றுதானே?
— நிலாவெளி வாசகர்

பதில்: இல்லை. திருச்சியில் குஷ்புவுக்குக் கோயில் கட்டியவர்கள் யாரும் பகிடி விடவில்லை. பேகன் பிள்ளை தான் செய்வது பாதி விளையாட்டு என்று தெரிந்தே செய்கிறது. நடுவில் ஆர்ஜென்டினாவின் உதைபந்தாட்ட வீரர் மரடோனாவுக்கான திருச்சபையை வைக்கலாம். 1998 இல் ரொசாரியோ நகரில் ரசிகர்கள் தொடங்கினார்கள். அவர் பிறந்த ஒக்டோபர் 30 தான் அவர்களுக்கு நத்தார், அவர் பிறந்த 1960 இலிருந்துதான் ஆண்டுக் கணக்கு. விளையாட்டா பக்தியா என்று அவர்களிடமே கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 குடிசன மதிப்பீட்டில் சுமார் 390,000 பேர் தங்கள் சமயம் 'ஜெடாய்' (ஸ்டார் வோர்ஸ் படத்து வீரர் கூட்டம்) என்று எழுதிக் கொடுத்தார்களே, அதில் பெரும்பங்கு சுத்தக் குறும்பு என்பது என் எண்ணம்.

கேள்வி: நவராத்திரிக் கொலுவில் மகன் ஸ்பைடர்மேனை வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வைக்கலாமா?
— அனுராதபுரச் சந்தி அம்மா ஒருவர்

பதில்: தாராளமாக. கீழ்ப்படியில், செட்டியார் கடைக்குப் பக்கத்தில். மேல்படிக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளின் தொழிலே அதுதான்.

கேள்வி: நீங்கள் பீடம் வைப்பதென்றால் யாருக்கு?
— அதே நிலாவெளி வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போல. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு. 1956 இல் சிநேகிதர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்றூண்களைக் கடலடியில் பார்த்தவர். சுழியோடிக் கண்ணாடி ஒன்று, அவருக்குப் பிடித்த மேசைப்பந்து மட்டை ஒன்று, ஒரு பிளேன்ரீ. சிக்கல் என்னவென்றால், தன் இறுதிச் சடங்கில் சமயச் சடங்கு எதுவுமே கூடாது என்று எழுதி வைத்துவிட்டு 2008 இல் போய்விட்டார். அதனால் மணியடிக்காமல், பிளேன்ரீயையும் நானே குடித்துவிடுவேன்.