அம்மாவின் மூளை சுருங்குகிறதா?

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுக்கப்பட்ட உங்கள் அம்மாவின் மூளை ஸ்கேனைப் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: அம்மா நம்மை மறந்துவிடுவாரா? ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை.

68 வயது, பல வருட பிரஷர். இவர்களுக்கு எம்ஆர்ஐயில் வெண்புள்ளிகளும் லேசான சுருக்கமும் தெரிவது சகஜம். வெண்புள்ளி என்பது சிறு ரத்தக்குழாய்கள் பழுதானதன் தடம். முதுமையில் வரும் மனச்சோர்வுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பிரஷர் மாத்திரையை விடக்கூடாது என்பது அதனால்தான். ஞாபகங்களைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சிறுத்திருப்பதைப் பார்த்துத்தான் நெட்டில் தேடிப் பயந்திருக்கிறீர்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருக்கும். பலரை ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது. ஒருவரின் ஸ்கேனை மட்டும் வைத்து மனச்சோர்வு என்றோ மறதிநோய் என்றோ யாரும் சொல்ல முடியாது.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்கமாட்டேங்குது" என்று அம்மாவே புலம்புகிறார் அல்லவா? மறதிநோயில் பெரும்பாலும் வீட்டார்தான் புலம்புவார்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவுகளைப் பாருங்கள். மனம் தேறியபின் ஞாபகசக்தியைச் சோதித்துக்கொள்ளலாம்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். வளையல்களை மருமகளிடம் கழற்றிக் கொடுத்து, "இனி எனக்கெதுக்கு" என்றாராம். சாப்பாடும் பாதியாகிவிட்டது. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். வயதானவர்கள் பலர் அழமாட்டார்கள், மிரட்டமாட்டார்கள், இப்படித்தான் சொல்வார்கள். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு நிம்மதிதான் வரும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். அம்மா என்ன சொன்னாலும் நாளைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அப்புறம், பத்தாம் நாளில் "பலன் இல்லை" என்று மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு, உங்கள் தம்பி கடையில் ஞாபகசக்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தது பெரிய தப்பு. இந்த வயதில் மருந்து வேலை செய்ய ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். நிறுத்தியதையும் வாங்கியதையும் மறைக்காமல், இரண்டு அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.