தலை, கழுத்துப் புற்றுநோய்: மார்க்கர் ரிப்போர்ட் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு டான்சிலில் புற்றுநோய். பயாப்சியில் "பி16 பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா டாக்டர்?

பாசிட்டிவ் என்றதும் பதறிவிடாதீர்கள், இங்கே அது நல்ல செய்திதான். பி16 என்பது செல்லில் இருக்கும் ஒரு புரதம். அது பாசிட்டிவ் என்றால், புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்பதற்கான அடையாளம். அந்த வைரஸின் ஈ7 புரதம், செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. புரதத்தை முடக்கிவிடும். அதனால் செல்லில் பி16 குவியும். 70 சதவீதச் செல்களாவது அழுத்தமாகச் சாயம் ஏற்றால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவோம். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் பெற்றவர்களில், எச்.பி.வி. இருந்தோரில் 82 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதோரில் 57 சதவீதம்தான். இதனால்தான் புற்றுநோய் ஸ்டேஜ்களை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேட்டின் 8ஆம் பதிப்பில் இவர்களுக்குத் தனி ஸ்டேஜ் கணக்கே வந்தது. கழுத்தில் கட்டி இருந்ததால் முன்பு நான்காம் ஸ்டேஜ் என்றிருந்த பலர் இப்போது முதல் ஸ்டேஜ். அப்பா புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. தினம் ஒரு பாக்கெட் வீதம் 10 வருடத்துக்கு மேல் பிடித்தவர்களுக்கு இந்தச் சாதகம் குறைகிறது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் பி16 பாசிட்டிவ்தான். அப்படியானால் கீமோவைக் குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற, கீமோ அல்லாத மருந்தைக் கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று நம்பி இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2018இல் முடிவு வந்தது: செடுக்சிமாப் பெற்றவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள். ஆய்வுக்கு வெளியே யாராவது குறைக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

கேள்வி: அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவார். கன்னத்தில் புற்றுநோய். பி16 பார்க்கவே இல்லை. லேப் விட்டுவிட்டதா?

விடவில்லைங்க. நம் ஊர் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் புகையிலையாலும் பாக்காலும் வருவது, வைரஸின் பங்கு மிகக் குறைவு. கன்னத்திலும் ஈறிலும் பி16 வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, ஆபரேஷன் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது, வெட்டிய ஓரம் சுத்தமா, கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியிருக்கிறதா. மும்பை டாடா மெமோரியல் 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்து நெறிக்கட்டிகளை முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டு தாண்டினார்கள். கழுத்தில் வந்தபிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். பி16 போன்ற எந்த மார்க்கரும் (கட்டியின் தன்மையைக் காட்டும் அடையாளம்) இவ்வளவு வித்தியாசத்தை உங்கள் அம்மாவுக்குத் தரப்போவதில்லை.

கேள்வி: டி.பி.53 ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்...

டி.பி.53 என்பது செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஜீன். புகையிலையால் வந்த கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது பழுதாகித்தான் இருக்கும். சில வகைப் பழுது ஆயுளைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இன்றைக்குச் சிகிச்சை மாறாது. நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கணவருக்கு நோய் திரும்பி, நுரையீரலுக்கும் பரவிவிட்டது. பி.டி.-எல்1 சி.பி.எஸ். 25 என்றால் என்ன?

பி.டி.-எல்1 என்பது நோய் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து தப்பிக்கக் கட்டி பயன்படுத்தும் புரதம், சி.பி.எஸ். என்பது அது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மதிப்பெண். 25 என்றால் இம்யூனோதெரபி, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை, பலன் தர வாய்ப்பு கூடுதல் என்று அர்த்தம். கீநோட் 048 ஆய்வில் 20 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுத்தபோது சராசரி ஆயுள் 14.9 மாதம், பழைய கீமோ முறையில் 10.7. செலவு கட்டுப்படியாகாது என்றால் மனம் விட வேண்டாம். டாடா மெமோரியலில் மாத்திரைக் கீமோவோடு நிவோலுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தை வெறும் 20 மில்லிகிராம் வீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் தாண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். அடுத்த முறை போகும்போது "குறைந்த டோஸ் நிவோலுமாப் இவருக்குச் சரிப்படுமா" என்று நேரடியாகவே கேளுங்கள்.