ஓடுகிற வண்டியில் போனை அடக்குவது எப்படி?

எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே கவலையைச் சொல்கின்றன: பிள்ளை வண்டி ஓட்டும்போது போனைத் தொடாமல் இருக்க வழி உண்டா? அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

என் மகளுக்கு 18 முடிந்து லைசென்ஸும் வந்துவிட்டது. தினமும் ஸ்கூட்டரில் தென்காசி போய் வருகிறாள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசுகிறாள். சாம்சங் போன். வண்டி ஓடும்போது அது தானாக அடங்குமா?
– வாசகி, செங்கோட்டை

அடங்கும் அம்மா. ஆனால் போனுக்கு ‘இப்போது வண்டியில் இருக்கிறோம்’ என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நம்பகமான ஆள் வண்டியின் ப்ளூடூத். ஸ்கூட்டரில் ப்ளூடூத் மீட்டர் இருந்தால் போனின் ப்ளூடூத் பட்டியலில் வண்டியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செட்டிங்ஸில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’ திறந்து, ‘டிரைவிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ப்ளூடூத் இணைந்ததும் அழைப்புச் சத்தத்தை அடக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ தானாக ஓடும்படி வையுங்கள். சில ஸ்கூட்டர்கள் கம்பெனி ஆப் வழியாக மட்டுமே இணையும். அவற்றின் பெயர் இந்தப் பட்டியலில் வராது. அப்போது அந்த ஆப்பிலேயே அழைப்பை அடக்கவும் தானாக பதில் குறுஞ்செய்தி அனுப்பவும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். 2018-ல் வந்த டிவிஎஸ் என்டார்க்கிலேயே தானியங்கிப் பதில் உண்டு.

ப்ளூடூத்தே இல்லாத வண்டி என்றால் ப்ளூடூத் ஹெல்மெட் கருவியை அடையாளமாக வைக்கலாம். அதைப் போட மறந்தால் போனும் அடங்காது.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். ஆண்ட்ராய்டின் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ உள்ளே ‘ரிப்பீட் காலர்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது இயங்கினால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தாலே போன் மணி அடித்துவிடும். முதல் அழைப்பை எடுக்கவில்லை என்றதும் நாம் என்ன செய்வோம்? உடனே இன்னொரு முறை அடிப்போம். அவள் கொட்டாகுளத்துத் திருப்பத்தில் இருக்கும்போது மணி அடிக்க வைப்பது வீட்டாரின் அந்த இரண்டாவது அழைப்புதான். அதை அணைத்துவிடுங்கள். விதிவிலக்குப் பட்டியலில் உங்கள் எண்ணையும் சேர்க்காதீர்கள். அவள் கிளம்பிய நேரம் தெரியும், பயண நேரமும் தெரியும். அது தாண்டிப் பத்து நிமிடம் கழித்து அழைப்பது என்று வீட்டில் எல்லோரும் பேசி வையுங்கள்.

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. திரையை ஐந்து நொடி பார்த்தால் 55 மீட்டர். நான்கைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம். இதை அவளிடம் சாலையில் நடந்து காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட உறைக்கும்.

புளியரையிலிருந்து பஸ்ஸில் புனலூர் கல்லூரிக்குப் போகிறேன். அப்பா என் ஐபோனில் எதையோ மாற்றிவிட்டார். பஸ் நகர்ந்ததுமே போன் ஊமையாகிவிடுகிறது. நான் ஓட்டவே இல்லையே!
– மாணவர், புளியரை

தம்பி, அப்பா வைத்தது ‘டிரைவிங் ஃபோகஸ்’. 2017-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11-உடன் வந்த வசதியின் இப்போதைய வடிவம் அது. ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தால் போன் தன் அசைவை வைத்து ஊகிக்கிறது. வேகமாக நகர்வது அதற்குத் தெரியும். நீங்கள் ஸ்டியரிங் பிடித்திருக்கிறீர்களா, ஜன்னலோர சீட்டில் இருக்கிறீர்களா என்று தெரியாது. ‘நான் ஓட்டவில்லை’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும், போன் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அப்பாவுக்கும் இதைக் காட்டுங்கள். அதே பொத்தானை ஓட்டுகிறவரும் அழுத்தலாம் என்பதுதான் இதன் ஓட்டை. செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் போய், காரின் ப்ளூடூத்துடன் இணையும்போது மட்டும் என்று மாற்றினால் பஸ்ஸில் தொந்தரவு இருக்காது. பிறகு ‘ஸ்க்ரீன் டைம்’ உள்ளே கட்டுப்பாடுகள் பகுதியில் ‘டிரைவிங் ஃபோகஸ்’ மாற்றத்துக்கு அனுமதி இல்லை என்று வைத்து, அவருக்கு மட்டும் தெரிந்த கடவு எண் போடலாம். தானியங்கிப் பதில் குறுஞ்செய்தியாகப் போகும். வாட்ஸ்அப்பில் அழைத்தவருக்குப் போகாது. அவர் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.

மகன் என் காரை எடுத்துக்கொண்டு குமுளி மலை ஏறுகிறான். காரில் மாட்டி போனைப் பூட்டும் கருவி இருக்கிறதாமே?
– வாசகர், கம்பம்

ஓபிடி டாங்கிள் என்ற சிறு கருவியைச் சொல்கிறீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் 16 ஊசி கொண்ட சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற இடம். டாங்கிள் அங்கிருந்து வேகத்தைப் படித்து ப்ளூடூத்தில் மகனின் போனுக்குச் சொல்லும். போனில் உள்ள ஆப் திரையைப் பூட்டும். மலையில் டவர் கிடைக்காத இடத்திலும் இது வேலை செய்யும் என்பது நல்ல விஷயம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், பெரும்பாலும் போனில்தான். பல ஆண்ட்ராய்ட் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். அந்த ஆப்புக்கு ‘ஆட்டோ ஸ்டார்ட்’ அனுமதி கொடுத்து, பேட்டரி பகுதியில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று வையுங்கள். போனை ‘சேஃப் மோட்’ல் திறந்தால் இந்த ஆப் இயங்காது, விவரமான பையனுக்கு அது பத்து நிமிட வேலை. ப்ளூடூத்தை அணைத்தாலும் கதை முடிந்தது. அதனால், ப்ளூடூத் துண்டானால் உங்கள் போனுக்குச் செய்தி வருகிற ஆப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

டாங்கிள் சாக்கெட்டில் இருக்கும்வரை கார் நின்றாலும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் விட்டால் பழைய பேட்டரி செத்துவிடக்கூடும். முக்கியமானது, தளர்வாக நிற்கும் மலிவு டாங்கிள் குலுங்கி பிரேக் பெடல் அருகே விழலாம். குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டேஷ்போர்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் டேக் கொண்டு கட்டச் சொல்லுங்கள்.

உங்களுடையது பழைய ஃபோர்டு ஃபிகோ ஆஸ்பயராக இருந்தால் ‘மைகீ’ இருக்கிறதா பாருங்கள். ஒரு சாவியை மகனுக்கென்று ஒதுக்கி, அந்தச் சாவியில் ஓடும்போது வேகத்துக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் எல்லை வைக்கலாம். இது போனைத் தொடாது, ஆனால் போனைத் தொட்டால் வரும் சேதத்தைக் குறைக்கும்.

ஆன்லைனில் மொபைல் ஜாமர் விற்கிறார்கள். காரில் வைக்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

வேண்டவே வேண்டாம் ஐயா. போன் சிக்னலைத் தடுக்கும் ஜாமரைத் தனியார் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். விபத்து நடந்தால் 108-ஐயும் 112-ஐயும் கூப்பிட முடியாமல் போவது உங்கள் பிள்ளைக்குத்தான். பக்கத்து வண்டிக்காரருக்கும் அதே கதி.

மகனுக்கு 17. வேலந்தாவளம் தாண்டி பாலக்காட்டுக்கு பைக் எடுத்துப் போகிறான். மேப் பார்க்க மட்டும்தான் போன் என்கிறான். கேரளத்தில் கேமரா பிடிக்குமா?
– வாசகி, கோவை மாவட்ட எல்லை

பிடிக்கும். 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வழியாக அபராதம் போடுகிறார்கள். ஓட்டும்போது போன் என்றால் 2,000 ரூபாய். தமிழ்நாட்டு எண் பலகையும் தப்பாது. ஆனால் அம்மா, அபராதத்தைவிடப் பெரிய விஷயம் அவன் வயது. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி 18 ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இப்போதைக்கு பைக் சாவியை வாங்கி வையுங்கள்.

18 ஆனபின் மேப் பற்றி: வழி காட்ட மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த 2020-ல் திருத்திய விதி இடம் தருகிறது. கிளம்பும் முன்பே ஊரைத் தட்டிவிட்டு, குரல் வழிகாட்டலைப் போட்டு, போனை ஹேண்டில்பார் ஸ்டாண்டில் மாட்டலாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டாக இருக்கட்டும். பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. வழி மாறிவிட்டால் ஓரம் கட்டி, சைடு ஸ்டாண்ட் போட்டபிறகுதான் திரையைத் தொட வேண்டும்.