ஒப்சலீட்: எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

கொழும்பில் ஆங்கிலம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், ‘ஒப்சலீட்’ (obsolete, அதாவது பாவனையற்றுப்போன) என்ற சொல் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை: ரீச்சர், அப்பப்பாவின் டைப்ரைட்டர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதைக் கட்டுரையில் ஒப்சலீட் என்று எழுதினேன். பிழை என்கிறான் அண்ணா.

நீர் எழுதியது சரி, பிள்ளை. பழுதானது வேறு, ஒப்சலீட் வேறு. அந்த டைப்ரைட்டரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் வேலையை இன்னும் சுலபமாகச் செய்யக் கணினி வந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பெயர். யாரோ சிலர் இன்னும் அதில் அடிக்கிறார்கள் என்பதற்காகச் சொல் பொருந்தாமல் போகாது.

வாசகர், கொட்டாஞ்சேனை: அப்படியென்றால் கொழும்பில் ஓடிய ட்ராமும் ஒப்சலீட் தானே?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கொழும்பில் ட்ராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றது. மெல்பர்னிலோ இன்றும் ஓடுகிறது. ஆகவே ட்ராம் என்ற வாகனத்தையே ஒப்சலீட் என்பது பிழை. நம் ஊரில் முடிந்துபோன அந்தச் சேவைக்கு ‘டிஃபங்ட்’ என்ற சொல் பொருந்தும். மூடப்பட்ட கம்பனி, நின்றுபோன பத்திரிகைக்கும் அதுவே.

பாவனை நின்றுபோன இடத்துக்கும் கட்டடத்துக்கும் ‘டிஸ்யூஸ்ட்’. அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரை போன ரயில் பாதை அப்படிப்பட்டது. எனக்குப் பிடித்த உதாரணம் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம். அது வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் போக, 1952இல் அந்த வேலை நின்றது. வெளிச்சவீடாக அது டிஸ்யூஸ்ட். மணிக்கூட்டுக் கோபுரமாக இன்னும் பாவனையில் இருக்கிறது. ஒரே கட்டடம்தான், ஆனால் எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

களஞ்சியப் பொறுப்பாளர், தெமட்டகொடை: பழைய மெஷின்களின் உதிரிப்பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ‘ஒப்சலீட் ஸ்டொக்’ என்பதைத் தமிழில் ‘காலாவதியான சரக்கு’ என்று போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். காலாவதி என்றால் மருந்திலும் பால்மாவிலும் அச்சிட்ட திகதி கடந்துவிட்டது என்றுதான் இங்கே யாருக்கும் விளங்கும். பெயரிங் (bearing) போன்ற உதிரிப்பாகத்துக்கு ஏது அந்தத் திகதி? ‘பாவனையற்றுப்போன சரக்கு’ என்று எழுதுங்கள். இன்னொன்று: மெதுவாக விற்கும் சரக்கை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்கு ஆள் வருவான், நாள்தான் எடுக்கும். அந்தப் பாகம் பொருந்தும் மெஷினே பாவனையில் இல்லை என்றால் மட்டும் ஒப்சலீட்.

வாசகி, பம்பலப்பிட்டி: ‘ஒப்சலசன்ட்’ என்பதும் இதுதானா?

இல்லை. அது வழக்கிலிருந்து போய்க்கொண்டிருப்பது. சீடி பிளேயரைச் சொல்லலாம்.

அதே வாசகி: அகராதியில் சில சொற்களுக்கு ஒப்சலீட் என்றும், சிலவற்றுக்கு ‘ஆர்க்கேயிக்’ என்றும் போட்டிருக்கிறதே?

ஆர்க்கேயிக் என்றால் அன்றாடப் பேச்சில் இல்லை, ஆனால் ஜெபத்திலோ பழைய கவிதையிலோ இன்னும் காதில் விழும். ‘நீ’ என்ற பொருளில் வரும் ‘தௌ’ அப்படி ஒன்று. ஒப்சலீட் என்று போட்ட சொல் அங்கும் வராது, அது முற்றாக வழக்கொழிந்தது. தமிழில் சொற்களைப் பற்றிப் பேசும்போது ‘வழக்கொழிந்த’ என்பதையே வையுங்கள். டைப்ரைட்டருக்கு அது ஒட்டாது.